சத்தம், சாராயம், சோர்வு: மூளைக் கலங்களுக்கு என்ன நடக்கிறது?



காது மந்தமான பெரியவரை "செவிட்டுக் கெழவன்" என்கிறோம். குடித்துக் குடித்து ஞாபகம் கெட்டுப்போனவரைப் "பொய்க்காரன்" என்கிறோம். எதிலும் மனசு ஒட்டாமல் இஸ்தோப்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணை "சோம்பேறி" என்கிறோம், அல்லது "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று பூசாரியிடம் கூட்டிப் போகிறோம். மூன்று பேருக்கு மூன்று பட்டப்பெயர் வைத்துவிட்டோம். ஆனால் மூன்று பேரிடமும் அடிபட்டிருப்பது ஏறக்குறைய ஒரே இனத்துப் பொருள்தான். அது நரம்புக் கலம். இந்தப் பாடத்தில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

நமது மூளை ஒன்றரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவான எடை. அதற்குள் சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கலத்துக்கும் தேயிலைச் செடியைப் போல மேலே கிளைகள், கீழே நீண்ட வேர் போன்ற ஒரு நார். ஒரு கலத்தின் நார் அடுத்த கலத்தின் கிளையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அந்தச் சிறிய இடைவெளியில் இரசாயனப் பொருள்கள் சிந்துகின்றன. அதைத்தான் ஒரு கலம் இன்னொரு கலத்தோடு பேசுவது என்கிறோம். பிள்ளையின் முகத்தை அடையாளம் காண்பதும், இன்று எத்தனை கிலோ கொழுந்து எடுத்தோம் என்று நினைவில் வைப்பதும், கோபமும் சிரிப்பும் எல்லாம் இந்தப் பேச்சுதான்.

முழங்கையில் தோல் உரிந்தால் ஒரு வாரத்தில் புதுத் தோல் வருகிறது. நரம்புக் கலம் அப்படியல்ல. பெரும்பாலும் பிறக்கும்போது வந்ததை வைத்துத்தான் சாகும்வரை ஓட்ட வேண்டும். அதே நேரத்தில் கிளைகளும் இணைப்புகளும் குறையவும் கூடும், மறுபடி வளரவும் கூடும். எது திரும்பி வரும், எது வராது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எதற்கு அவசரப்பட வேண்டும், எதற்குப் பொறுமையாய் இருக்க வேண்டும் என்று விளங்கும்.

ஸ்டோர் சத்தம்

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் துரை தேயிலை போட்ட காலத்தில் கொழுந்தைக் கையால்தான் உருட்டினார்கள். அவருடைய பங்களா வராந்தாவில் மேசை போட்டு உருட்டியதாகச் சரித்திரம் சொல்கிறது. அந்த வேலையில் கையும் முதுகும் வலித்திருக்கும், காது தப்பியிருக்கும். பிறகு ரோலர் மெஷின் வந்தது. இன்றைக்கு ஒரு ஸ்டோருக்குள் போனால் கொழுந்து வாட்டுகிற இடத்தில் பெரிய ஃபேன், கீழே ரோலர், ரோல் பிரேக்கர், டிரையர், சல்லடை மெஷின், கரண்ட் போனால் ஜெனரேட்டர். வெளியே மலையில் புல் வெட்டுகிற மெஷின், மரம் அறுக்கிற செயின்சோ. எல்லாம் சேர்ந்து காதுக்கு ஓய்வே இல்லை.

சத்தத்தை டெசிபல் என்ற அளவில் அளப்பார்கள். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் 85 டெசிபல் வரை கேட்கலாம் என்பது உலகத்தில் பல இடங்களில் வைத்திருக்கும் எல்லை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 3 டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி இரட்டிப்பாகும், ஆகவே கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் 4 மணித்தியாலம், 91 என்றால் 2, 94 என்றால் 1. 100 டெசிபலுக்குப் போய்விட்டால் 15 நிமிஷம்தான். புல் வெட்டும் மெஷினும் செயின்சோவும் இந்த 100ஐ ஒட்டியும் தாண்டியும் போகிறவை. அளக்கிற கருவி நம்மிடம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்கிற ஆளோடு கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அந்த இடம் 85ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

காதுக்குள் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் தண்ணீர் போன்ற திரவமும், ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்களும் உண்டு. சத்தம் வரும்போது திரவம் அலையடிக்கும். கலங்களின் நுனி மயிர்கள் வளையும். அந்த வளைவுதான் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தியாகப் போகிறது. புல்தரையில் ஒரு தடவை நடந்தால் புல் சாய்ந்து மறுபடி எழும்பும். தினமும் நடந்தால் அங்கே ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும், பிறகு புல் முளைக்காது. மயிர்க்கலங்களும் அப்படித்தான். வேலை முடிந்து வரும்போது காது அடைத்த மாதிரி இருந்து, காலையில் சரியாகிவிட்டால் அது சாய்ந்த புல். சில வருஷம் போனபின் காலையிலும் சரியாகாது. அது பாதை விழுந்த இடம். செத்துப்போன மயிர்க்கலம் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

"காலையில சரியாயிடுச்சே, அப்ப ஒன்னும் ஆகலதானே?" என்று கேட்கத் தோன்றும். நாங்களும் பல காலம் அப்படித்தான் நினைத்தோம், டொக்டர்மாரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2009இல் அமெரிக்காவில் போஸ்டன் நகரில் ஷரோன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இருவர் எலிகளுக்கு 2 மணித்தியாலம் பலத்த சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் எலிகளின் கேட்கும் அளவு பழையபடி வந்துவிட்டது, மயிர்க்கலங்களும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் மயிர்க்கலத்தையும் நரம்பையும் இணைக்கிற இணைப்புகளில், சத்தம் அதிகம் தாக்கிய பகுதியில், பாதி வரைக்கும் அறுந்து போயிருந்தன. அவை திரும்பவில்லை. மனிதருக்கும் இது நடக்கலாம் என்பதால்தான், பரிசோதனையில் "காது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லப்படுகிறவர்கள்கூட, கல்யாண வீட்டுச் சத்தத்துக்குள் பக்கத்து ஆள் பேசுவதைப் பிடிக்க முடியாமல் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இப்போது ஆராய்கிறார்கள்.

முதலில் போவது கூர்மையான ஒலிகள். ச, ஸ, த போன்ற எழுத்துகளின் ஒலி மங்கும். அதனால்தான் ஸ்டோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற தாத்தா, "சத்தம் கேக்குது, பேச்சுத்தான் வெளங்கல" என்கிறார். பேரப்பிள்ளையின் மெல்லிய குரல் அவருக்கு எட்டாது. மூளை சும்மா இருப்பதில்லை. காதிலிருந்து வரும் செய்தி குறைந்துவிட்டதால், மூளையின் கேட்கும் பகுதி தன் வொலியூமைத் தானே கூட்டிக்கொள்கிறது. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிபடாதபோது வொலியூமைக் கூட்டினால் என்ன வரும்? இரைச்சல்தான். இராத்திரியில் காதுக்குள் "கீ..." என்று வண்டு கத்துகிற மாதிரி கேட்பது பெரும்பாலும் இதனால்தான்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமல்ல. 1886இல் ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் டொக்டர் தோமஸ் பார் என்பவர் கொதிகலன் செய்யும் தொழிலாளர்களின் காதைச் சோதித்து, வெளியில் நடந்து திரியும் தபால்காரர்களின் காதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கொதிகலன்காரர்களின் காது எவ்வளவு மோசம் என்று அப்போதே எழுதிவைத்துவிட்டார். தேயிலைத் தோட்டங்களுக்கு மெஷின் வந்துகொண்டிருந்த அதே காலம் அது. அன்றே தெரிந்த விஷயத்துக்கு இன்றும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது நமக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பஞ்சு உதவாது. சத்தத்தைக் குறைக்கச் செய்த காதடைப்பானோ, காதை மூடும் கவசமோதான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தொழிலாளியின் காதில் எதையாவது வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நிர்வாகம் நினைக்கக் கூடாது. தேய்ந்த பெயாரிங்கை மாற்றுவது, ஆடுகிற தகரத்தை இறுக்குவது, ஜெனரேட்டரைத் தனி அறையில் வைப்பது, ஆட்களை மாற்றி மாற்றிப் போடுவது, இவையெல்லாம் முதலில் வர வேண்டியவை. தொழிற்சாலையில் வேலை செய்பவரின் சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் நமது நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. டீமேக்கர் ஐயாவிடம் சங்கத் தலைவர் மூலமாக இதைக் கேட்பதில் தப்பேயில்லை.

காமன் கூத்துக்கு இராத்திரி முழுக்கத் தப்படிக்கும் தம்பிமாரும், திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் ஆடும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். தப்பை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பிரட்டுக்கு எழுப்பியதே தப்புத்தான், அதை நாம் விடமாட்டோம். காதடைப்பான் போட்டுக்கொண்டு அடித்தாலும் தாளம் பிசகாது. ஸ்பீக்கருக்கு அருகே கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

மருந்துகளிலும் சில, மயிர்க்கலங்களைக் கொல்லும். காசநோய்க்கு முன்பு பரவலாகக் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அப்படிப்பட்டது. ஜென்டாமைசின் ஊசியும் அதே குடும்பம். உயிரைக் காக்கும் மருந்துகள் என்பதால் டொக்டர் சொன்னால் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் "நான் ஸ்டோர்ல ரோலர்கிட்ட வேல செய்றேன், காதுல இரைச்சல் இருக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குடியும் மூளையும்

"குளிருக்கு ஒரு பெக்" என்பது நமது மலைகளில் பழைய பேச்சு. உண்மையில் குடித்தவுடன் தோலுக்குக் கீழே உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் சூடாக இருக்கிற மாதிரித் தெரியும். உடம்பின் உள்சூடு அந்த நேரம் வெளியே போய்க்கொண்டிருக்கும். குளிருக்குக் குடித்தவர் மற்றவர்களைவிட அதிகமாகக் குளிரில் அடிபடுகிறார். ஒரு சூடான தேத்தண்ணி செய்கிற வேலையைச் சாராயம் செய்யாது.

மூளைக்குள் இரண்டு விதமான செய்திப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்று பிரேக், இன்னொன்று எக்சலேட்டர். சாராயம் பிரேக்கை அழுத்துகிறது, எக்சலேட்டரைத் தளர்த்துகிறது. அதனால்தான் முதலில் மனசு லேசாகி, பிறகு நாக்கு தடித்து, கால் பின்னுகிறது. தினமும் குடிக்கிறவரின் மூளை "யாரோ எப்போதும் பிரேக்கை மிதிக்கிறானே" என்று தன் பிரேக்கைக் குறைத்து, எக்சலேட்டரை அதிகமாக்கிச் சமாளிக்கிறது. முன்பு ஒரு கிளாஸில் வந்த போதை இப்போது அரைப் போத்தல் போட்டாலும் வராமல் இருப்பது இதனால்தான். அதை "அவருக்கு நல்ல தாக்குப்பிடிப்பு" என்று பெருமையாகச் சொல்கிறோம். அது பெருமையில்லை. கலங்கள் மாறிவிட்டதற்கு அடையாளம்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம், இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்குகிற லொறியை நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கில் ஒரு கால், எக்சலேட்டரில் ஒரு கால். திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் லொறிக்கு என்ன ஆகும்? வருஷக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் மூளைக்கு அதுதான் ஆகிறது. கோயிலில் சத்தியம் செய்து நிறுத்தியிருப்பார், அல்லது காய்ச்சலில் படுத்து இரண்டு நாள் குடிக்காமல் இருந்திருப்பார். முதல் நாள் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாளில் இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகச் சொல்வார், செத்துப்போனவரோடு பேசுவார், ஆள் அடையாளம் தெரியாது, உடம்பு நெருப்பாகச் சுடும்.

இதைத்தான் லயத்தில் "பேய் பிடிச்சிருச்சு" என்று சொல்லிக் கட்டிவைத்து வேப்பிலை அடிக்கிறார்கள். அங்கே பேய் இல்லை. பிரேக் இல்லாத மூளை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் உயிர் போகலாம், நேரத்தோடு போனால் மருந்து கொடுத்துச் சில நாளில் தெளியவைத்துவிடுவார்கள். ஆகவே தினமும் நிறையக் குடிப்பவர் நிறுத்த ஆசைப்பட்டால், "நாளைக்கே விட்டுடு" என்று கட்டாயப்படுத்தாமல், முதலில் டிஸ்பென்சரி ஐயாவிடமோ ஆஸ்பத்திரியிலோ சொல்லி மருந்தோடு நிறுத்துவதே புத்தி. கொஞ்சமாக எப்போதாவது குடிப்பவருக்கு இந்த ஆபத்து இல்லை, அவர் இன்றைக்கே நிறுத்தலாம்.

குடிப்பவருக்கு இன்னொரு எதிரி, சாப்பாடு. விட்டமின் பி1 என்ற சத்து இல்லாமல் நரம்புக் கலம் சீனியை எரித்துச் சக்தி எடுக்க முடியாது. பழைய காலத்தில் தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்றவர்களுக்குப் பெரிபெரி நோய் வந்தது இந்தச் சத்து இல்லாமல்தான். ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டொக்டர் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி போட்டுப் பார்த்து இதற்கு வழி காட்டினார், 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று இந்தக் குறை அதிகம் வருவது குடிப்பவர்களுக்கு. அவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் குடல் அந்தச் சத்தை எடுக்க சாராயம் விடுவதில்லை. கண் ஒரு பக்கமாக ஆடுவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது, இவை குடிக்காத நேரத்திலும் இருந்தால் "இன்னும் வெறி இறங்கல" என்று விட்டுவிடாதீர்கள். அன்றே பி1 ஊசி போட்டால் பெருமளவு திரும்பும். விட்டுவிட்டால் மூளையின் ஞாபகப் பகுதியில் கலங்கள் சாகும்.

அப்படிச் செத்தபின் வருகிறவர்தான் நாம் ஆரம்பத்தில் சொன்ன "பொய்க்காரர்". காலையில் என்ன சாப்பிட்டார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் மூளை அந்த ஓட்டையைச் சும்மா விடாமல் ஏதோ ஒரு கதையால் நிரப்பிவிடும். "நேத்து துரை கூப்பிட்டாரு, பங்களாவுக்குப் போனேன்" என்பார். போகவேயில்லை. அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை, தான் சொல்வது உண்மை என்றே நம்புகிறார். 1880களில் ரஷ்யாவில் கோர்சகோவ் என்ற டொக்டர் இந்த நோயை விவரித்தார், அவர் பெயரே நோய்க்கு வந்துவிட்டது. இப்படிப்பட்டவரை அடிப்பதாலும் ஏசுவதாலும் ஒரு பிரயோசனமும் இல்லை.

கசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் மெத்தனோல் என்ற விஷச் சாராயம் கலந்திருந்தால் நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாது. உடம்புக்குள் அது எறும்புக் கடியில் இருக்கிற அதே வகை அமிலமாக மாறி, கண் நரம்பையும் மூளையின் உள்பகுதியையும் அழிக்கும். 2024 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இப்படிப்பட்ட சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் கூலி வேலை செய்த ஏழைகள். குடித்து அரை நாள், ஒரு நாள் போனபின் வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குதல், பார்வை மங்குதல். நமது மலையில் மிஸ்ட் இறங்குவது வழக்கம். வெளியே மிஸ்ட் இல்லாத நேரத்தில் ஒருவர் "ஒரே மிஸ்ட்டா தெரியுது" என்றால், உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் ஏற்றுங்கள். அது இலவசம். கசிப்புக் குடித்ததை மறைக்காதீர்கள்.

தாய்மாருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது குடிக்கும் சாராயம் கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. அங்கே மூளைக் கலங்கள் அப்போதுதான் பிறந்து, தத்தம் இடத்துக்கு நகர்ந்துகொண்டிருக்கின்றன. இடம் மாறிய கலத்தைப் பிறகு யாராலும் சரியான இடத்தில் வைக்க முடியாது. பிள்ளை பெற்ற உடம்புக்கு பிராண்டி நல்லது என்று கொடுக்கும் பழக்கமும் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தாய்ப்பாலில் அது கலக்கும், வேண்டாம்.

நல்ல செய்தியும் உண்டு. குடியால் சுருங்கிய மூளை, குடியை விட்டுச் சில வாரங்களிலேயே ஓரளவு பருமன் திரும்பத் தொடங்குவதை ஸ்கேன் படங்களில் பார்த்திருக்கிறார்கள். செத்த கலம் எழுந்து வருவதில்லை. உயிரோடிருக்கிற கலங்கள் கிளை விடுகின்றன.

கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய் வரும் பையன்மார் மூலம் இப்போது கஞ்சா, போதை மாத்திரை, ஐஸ் என்பவையும் தோட்டத்துக்குள் வருகின்றன. ஐஸ் மூளையின் சந்தோஷப் பொருளை ஒரேயடியாகக் கொட்டவைத்து, அதைச் சுரக்கும் நரம்பு நுனிகளையே கருக்கிவிடும். பிறகு சாதாரண சந்தோஷம் எதுவும் உறைக்காது. மூளை முற்றி முடிய ஏறக்குறைய 25 வயசு ஆகும் என்பதால், 16 வயசில் பிடித்த பழக்கம் 40 வயசில் பிடித்ததைவிடக் கெடுதி. இதைப் பற்றித் தனியாகவே ஒரு பாடம் எழுத வேண்டும்.

மனச்சோர்வு

நமது பெண்கள் "மனசு சரியில்ல" என்று டிஸ்பென்சரிக்குப் போவதில்லை. "உடம்பெல்லாம் வலி, தலைப்பாரம், நெஞ்சு அடைக்குது" என்றுதான் போகிறார்கள், பெனடோல் வாங்கி வருகிறார்கள். விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு வந்து பிறகு தூக்கமில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, முன்பு நோர்ம் எடுத்த கைக்கு இப்போது பாதிக் கொழுந்துதான் வருகிறது, பிள்ளை மழலை பேசினாலும் சிரிப்பு வரவில்லை. இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சோம்பல் இல்லை, நோய். பிள்ளை பெற்ற சில வாரங்களில் தாய்க்கு வந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

நாள்பட்ட கவலையில் உடம்பு கோர்ட்டிசோல் என்ற சுரப்பை ஓயாமல் சுரக்கிறது. மூளையில் கடற்குதிரை வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது, ஞாபகத்துக்கும் கவலையை அடக்குவதற்கும் பொறுப்பானது. நியூயோர்க்கில் புரூஸ் மெக்கியுவன் என்ற விஞ்ஞானியின் குழு 1990களின் ஆரம்பத்தில் எலிகளைத் தினமும் சில மணித்தியாலம் நெருக்கடியில் வைத்துப் பார்த்தது. மூன்று வாரத்தில் அந்தப் பகுதிக் கலங்களின் கிளைகள் குட்டையாகிப் போயின. கலங்கள் சாகவில்லை, கிளைதான் சுருங்கியது. நெருக்கடியை நிறுத்தியதும் கிளை மறுபடி வந்தது.

இதை விளங்கிக்கொள்ள நமக்கு மெஷின் வேண்டாம், கவ்வாத்து மலையைப் பார்த்தால் போதும். வெட்டின புதிதில் அந்த மலை செத்துப்போன மாதிரிதான் கிடக்கும். தெரியாதவர் பார்த்தால் பிடுங்கி எறியச் சொல்வார். நமக்குத் தெரியும், வேர் இருக்கிறது, தளிர் வரும். ஆனால் மறுநாளே கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்துக்குப் போக மாட்டோம், மாதக்கணக்கில் விட்டுவைப்போம். மனச்சோர்வுக்கான மாத்திரையும் அப்படித்தான். போட்ட மறுநாள் ஒன்றும் தெரியாது, இரண்டு முதல் நாலு வாரமாவது ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டல், தலைச்சுற்றல் மட்டும் வந்து பயமுறுத்தும். நிறையப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். இது அடிமையாக்கும் மாத்திரை இல்லை. ஆனாலும் டொக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.

நடப்பது நல்லது என்றும் சொல்வார்கள். 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் வயசான 120 பேரில் பாதிப் பேரை ஒரு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள் நடக்கவைத்தபோது, அந்தக் கடற்குதிரைப் பகுதி 2 சதவீதம் பெருத்தது. இதை வாசித்துவிட்டு நாங்கள் சிரித்தோம். அவர்கள் வீட்டில் உட்கார்ந்தே இருந்தவர்கள். கூடையோடு மலை ஏறி இறங்குகிற நமது பெண்களுக்குக் குறைவது நடையில்லை, ஓய்வும் தூக்கமும், ஒரு நல்ல வார்த்தையும்தான்.

இன்னொரு வகை உண்டு. சில மாதம் சோர்வு, பிறகு சில வாரம் தலைகால் தெரியாத உற்சாகம். தூக்கமே வேண்டாம், ஓயாத பேச்சு, கையிலிருந்த காசையெல்லாம் அள்ளிக் கொடுப்பது, தானே பெரிய துரை என்பது. இதையும் "சாமி வந்திருக்கு" என்கிறோம். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்ற டொக்டர் லித்தியம் என்ற எளிய உப்பு இதற்கு மருந்தாகும் என்று கண்டார். இன்றும் அதுவே முன்னணி மருந்து, கலங்களைப் பாதுகாக்கவும் செய்கிறது என்று கருதுகிறார்கள். ஆனால் அளவு கூடினால் விஷமாகும், இரத்தப் பரிசோதனையை விடக்கூடாது.

சோர்வு முற்றினால் உயிரை மாய்க்கும் எண்ணம் வரும். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், உலகத்திலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளை அரசாங்கம் படிப்படியாகத் தடைசெய்தபின் அந்த அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. அந்த எண்ணம் பெரும்பாலும் ஒரு அலை மாதிரி, எழும்பி இறங்கிவிடும். அது இறங்கும்வரை ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமலும், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தும் பார்த்துக்கொண்டால் உயிர் தப்பும். மருந்துப் போத்தல்களை லயத்துக்குள் வைக்காதீர்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்டால் பாரம்தான் இறங்கும். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல உதவிச் சேவை, இரவும் பகலும் பேசலாம்.

ஒன்றோடொன்று

காது கேளாதவர் பேச்சுக் கூட்டத்திலிருந்து ஒதுங்குகிறார், ஒதுங்கியவருக்குச் சோர்வு வருகிறது, சோர்ந்தவர் தூக்கத்துக்காகக் குடிக்கிறார், குடி தூக்கத்தைக் கெடுத்துச் சோர்வை இன்னும் கூட்டுகிறது. இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்க வருபவரின் தலைக்குப் பின்னால், மெல்லிய சுவருக்கு அப்பால், அடுத்த காம்பராவின் டீவி அலறுகிறது. 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு, முதுமையில் வரும் மறதி நோய்க்கு நாம் தடுக்கக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. காது கேளாமை, மிகுந்த குடி, மனச்சோர்வு மூன்றுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

எங்கே போவது என்று கேட்பீர்கள். முதலில் தோட்டத்து வைத்திய உதவியாளர், பிள்ளைத்தாய்ச்சிகளும் தாய்மாரும் மருத்துவமாதுவிடம் சொல்லலாம். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஹட்டன் பக்கத்தவர்கள் 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்துவைத்த டிக்கோயா ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் விசாரிக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பார்ப்பதும் மருந்தும் இலவசம். டொக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்பதால், வைத்திய உதவியாளரிடம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு துண்டு எழுதி வாங்கிப் போங்கள். காதுக்கென்றால் எந்த மெஷினில் எத்தனை வருஷம் என்பது அதில் இருக்கட்டும். மனச்சோர்வுக்கென்றால், இரவில் எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது என்று தெரிந்த, கூடவே படுக்கிற ஒருவரைக் கூட்டிப் போங்கள். குடிக்கென்றால், கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை வெட்கப்படாமல் எழுதுங்கள். நடுக்கமும் வலிப்பும் எப்போது வரலாம் என்று டொக்டர் கணக்குப் பார்ப்பது அந்த மணியிலிருந்துதான்.